பின்னால் நின்றவன்

மூன்று குடம் தண்ணீர் ஊற்றிய பிறகும் காதுக்குள்ளிருந்து மண் வந்துகொண்டிருந்தது. அய்யனார் சுண்டுவிரலை விட்டுக் குடைந்து, விரல் நுனியைப் பார்த்தான். செம்மண். நெய்வேலி என்றாலே கறுப்பு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணோடு மல்லுக்கட்டுகிறவன் உடம்பில் கறுப்பு எங்கிருந்து ஒட்டும்? அந்த மேல்மண்ணை ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டுகிற டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் நின்று, கொடியும் விசிலுமாக ரிவர்ஸ் காட்டுவது அவன் வேலை. விசில் கேட்டால் வண்டி நின்றுவிட வேண்டும். கான்ட்ராக்ட். பதினாறு வருஷமாக வண்டிகளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். டிரைவர்களின் முகம்கூட மறந்து போகும். எந்த லாரிக்குப் பின்னால் எந்த விளக்கு உடைந்திருக்கிறது என்பது மறக்காது.

வீட்டுக்குள் மகள் மணிமொழி சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. சுவரில் மாட்டியிருந்த காலண்டர்தான் அவளுக்குச் சபை.

"நெஞ்சிலே மூன்று குண்டுகள்! மூன்றையும் முன்னாலே வாங்கினார், ஒன்றைக்கூட முதுகிலே வாங்கவில்லை என் பெரியப்பா!"

அந்த இடம் வரும்போதெல்லாம் அய்யனார் சரியாக ஒரு குடத்தைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்காது. நாலு நாளாக இப்படித்தான். பேச்சுப் போட்டி என்று அவள் தாளைக் கொண்டுவந்த நாளிலிருந்து அவனுடைய குளியல் நீண்டுகொண்டே போகிறது.

"தொட்டித் தண்ணியெல்லாம் நீயே ஊத்திக்கினா பாத்திரத்த எதுல கழுவறது?" என்றாள் புஷ்பவல்லி அடுப்படியிலிருந்து. "மண்ணு போவலன்னா போவட்டும். ஒங்கூடவே பொறந்ததுதான அது."

துண்டால் துவட்டிக்கொண்டு உள்ளே போனான். மணிமொழி இஸ்திரி போட்ட யூனிஃபார்மில், இரட்டைச் சடையில் நின்றிருந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விசிலக் கழட்டிட்டு வாப்பா. அங்கெல்லாம் ஆபீசருங்க வருவாங்க."

கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். கயிற்றோடு அது அங்கேயே தொங்கியது. குளிக்கும்போதுகூடக் கழற்ற மறந்துவிட்டான். இப்போது ஈரக் கயிறு முடிச்சு இறுகிக் கழன்று வர மறுத்தது. சட்டையைப் போட்டு மேல் பொத்தான் வரை மாட்டி விசிலை உள்ளே தள்ளினான்.

"அந்த லெட்டரு?" என்றாள்.

"கரையான் அரிச்சிப் போச்சின்னு சொன்னனே."

"டிரங்குப் பொட்டியில எதையும் கரையான் தொடல. ஆயாவோட பொடவ அப்பிடியே இருக்கு. லெட்டர மட்டும் தேடிப் பாத்து அரிச்சிதா?"

அவன் சட்டைப் பையில், கேட் பாஸ் வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள், பாஸுக்குப் பின்னால் அது நாலாக மடிந்து கிடந்தது. நாலு நாளாக அதைச் சட்டை மாற்றிச் சட்டை மாற்றிச் சுமந்துகொண்டு திரிகிறான்.

மணிமொழி கொண்டுவந்த தாளை அவன் எழுத்துக் கூட்டித்தான் படித்திருந்தான். 'நாம் மறவாத வீரர்.' டவுன்ஷிப்பில் ஒரு பள்ளி அரங்கத்தில், சனிக்கிழமை காலை. மாணவர்கள் தங்கள் குடும்பத்திலோ தெருவிலோ இருந்து படைக்குப் போன ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். மூன்றாவதாக ஒரு நிபந்தனை. ஆதாரமாகக் கடிதம், பதக்கம், புகைப்படம், ஏதாவது ஒன்றைக் கொண்டுவர வேண்டும். நடுவர்கள் கேள்வி கேட்பார்கள். தமிழ் டீச்சர் புவனா, "ஒங்க தெரு முனையிலேயே ஒரு வீரர் கல்லு நிக்குதே, வேற யார்கிட்ட இருக்கு இப்படி ஒண்ணு? கடிதமும் இருந்தா மாவட்டத்துக்கு நீதான் போவே" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

கல் நின்றது உண்மைதான். வடக்குத்து ஊரைத் தாண்டிப் போகிற சாலையில், காலனித் தெரு பிரிகிற முனையில், இடுப்புயரப் பீடத்தின் மேல் ஆளுயரக் கல். அதில் துப்பாக்கி பிடித்த ஒரு சிப்பாய். சாமி சிலை செய்கிற ஆள் செதுக்கியது என்பதால் சிப்பாய்க்கு முறுக்கு மீசையும் உருட்டு விழியும் வந்துவிட்டன. அய்யனாரின் அண்ணன் கலைச்செல்வனுக்கு மீசை சரியாக முளைத்ததே இல்லை. இருபத்திரண்டு வயதில் போய்விட்டான். கீழே, 'வீரமரணம், 1991' என்று வெட்டியிருந்தது. ஆடிக்கு ஆடி அதற்குப் பெயிண்ட் அடிப்பார்கள்.

அப்போது அய்யனாருக்குப் பன்னிரண்டு வயது. அதுவரை காலனியில் யார் செத்தாலும் ஓடைக்கரை வழியாகத்தான் தூக்கிப் போவார்கள். ஐப்பசி கார்த்திகையில் இடுப்பளவுத் தண்ணீரில் பாடை ஆடிக்கொண்டு போகும். ஊர்த்தெரு வழியாகப் போனால் சுடுகாடு கூப்பிடு தூரம். ஆனால் போகக்கூடாது, அது யாரும் எழுதி வைக்காத சட்டம். கலைச்செல்வனின் சாம்பல் பட்டாள ஜீப்பில் வந்தது. ஜீப் ஓடையில் எப்படி இறங்கும்? தார் ரோட்டைப் பிடித்து ஊர்த்தெரு வழியாகவே சுடுகாட்டுக்குப் போனது. பின்னால் நாலு சிப்பாய்கள் நடை போட, அவர்களுக்குப் பின்னால் காலனி மொத்தமும் முதல் தடவையாக அந்தத் தெருவில் நடந்தது. ஊர்ப் பெண்கள் வாசலில் எழுந்து நின்றார்கள். ஊர்ப் பெரியவர் ஜீப்பை நிறுத்தச் சொல்லி ஒரு மாலை வைத்தார். கொண்டுவந்த ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. கையெடுத்து சல்யூட் வைத்துவிட்டுப் போய்விட்டார். பட்டாளத்தில் செத்தால் சண்டையில்தானே செத்திருக்க வேண்டும்? யாரும் வேறு விதமாக நினைக்கவில்லை.

அடுத்த மாதம் காலனியில் ஒரு கிழவர் இறந்தார். பாடையைத் தூக்கினவர்கள் ஓடைப் பக்கம் திரும்பவில்லை. "பட்டாளத்தான் போன வழி" என்று ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். ஊர்த்தெருவில் யாரும் மறிக்கவில்லை. குண்டு வாங்கிச் செத்தவன் போன வழியை எந்த வாயால் மறிப்பது? அன்றிலிருந்து அதுதான் வழி.

கடிதம் அதற்கும் பிறகுதான் வந்தது. தமிழில் எழுதின கடிதம். அய்யனாரின் அம்மா செங்கமலம் தபால்காரரைக் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துப் படிக்கச் சொன்னாள். அப்போது கல் செதுக்கப்படவில்லை. வெறும் பாறையாக வந்து இறங்கிக் கிடந்தது. சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர். தபால்காரர் கொஞ்ச நேரம் மனசுக்குள்ளேயே படித்தார். தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். பிறகு, "அம்மா, ஒங்க மகன் நெஞ்சுல குண்டு வாங்கி விழுந்தாரு. கடைசி வரைக்கும் பின்வாங்கல" என்று படித்தார். தாளைத் திருப்பாமலே படித்து முடித்துவிட்டார் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பையன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்த்தது என்ன என்பது விளங்கப் பதினேழு வருஷம் ஆயிற்று.

தபால்காரர் படித்தது ஒரே ஒரு குண்டு. கல் நட்ட விழாவில் மைக்கில் பேசியவர் அதை இரண்டாக்கினார். மணிமொழி பள்ளிக்கூடம் போகிற காலத்துக்குள் அது மூன்றாகியிருந்தது.

அய்யனார் எழுத்துப் படித்தது இருபத்தொன்பதாவது வயதில். முந்திரிக்காட்டிலும் மாட்டுக்குப் பின்னாலும் போன பிள்ளைப் பருவம். யாரும் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை. சுரங்கத்தில் மண்வெட்டி பிடித்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் சொன்னார்: கைநாட்டுக்கு மண்வெட்டி, கையெழுத்துக்கு விசில். விசில்காரன் லாரி நம்பரை எழுதிக் கொடுக்க வேண்டும், எச்சரிக்கைப் பலகையைப் படிக்க வேண்டும். முதுகு விட்டுப் போயிருந்த அய்யனார் விசிலுக்காகப் படித்தான். சாப்பாட்டு நேரத்தில், உடன் வேலை பார்த்த ஒரு பையன் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்ட, டயர் தடத்தின் மேல் அழித்து அழித்து எழுதிப் படித்தான். எழுத்து வந்ததும் பார்த்ததையெல்லாம் படிக்கிற வெறி வந்தது. சோப்பு உறை, பஸ் போர்டு, கிழிந்த போஸ்டர். வீட்டில் படிக்க எதுவும் இல்லாத ஒரு மத்தியானத்தில் டிரங்குப் பெட்டியைத் திறந்தான்.

ஒரு பொழுது பிடித்தது அந்த இரண்டு பக்கத்தைப் படிக்க. முடித்து நிமிர்ந்தபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் எழுத்து வந்துட்டுதே ஒனக்கு. சத்தமாப் படியேன். ஒந் தொண்டையில கேக்கறன்" என்றாள்.

அவன் தாளை முகத்துக்கு நேரே பிடித்தான். எழுத்தெல்லாம் அப்படியே அங்கே இருந்தன. அவன் வாயிலிருந்து வந்தது வேறு. "அம்மா, ஒங்க மகன் நெஞ்சுல குண்டு வாங்கி விழுந்தாரு. கடைசி வரைக்கும் பின்வாங்கல." தபால்காரர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொன்னான். செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எம் புள்ள படிச்சிட்டான்" என்றாள். எந்தப் பிள்ளையைச் சொன்னாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. நாலு வருஷம் கழித்து அவளும் போய்ச் சேர்ந்தாள். ஊர்த்தெரு வழியாகத்தான் கொண்டுபோனார்கள்.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. வளவன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், காலனி மன்றத்துக்குத் தலைவன், கல்லுக்குப் பெயிண்ட் அடிப்பவனும் அவன்தான்.

"ஏறுண்ணே, ஏறும்மா பேச்சாளரே. நேத்தே பெரியப்பாவுக்கு மீசைக்குக் கறுப்பு ஏத்திட்டன். இன்னிக்கி அவுரு நமக்கெல்லாம் தம்பி மாரி இருக்காரு."

"மாமா, நான் பேசறத முழுசா எடுப்பியா?"

"எடுக்கறதா? எடுத்து குரூப்புல போடறன். ஊர்த்தெருக்காரனும் அந்த குரூப்புல இருக்கான், பாக்கட்டும். அந்த மூணு குண்டு எடம் இருக்குதுல்ல, அங்க மட்டும் கொஞ்சம் நிறுத்தி, ஒண்ணு... ரெண்டு... மூணுன்னு சொல்லு. ஜனம் அழுவும்."

அய்யனார் முன் சீட்டில் வளவனுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டான். தெரு முனையில் ஆட்டோ திரும்பும்போது கல்லின் ஈரப் பெயிண்ட் வெயிலில் மினுமினுத்தது. வழக்கமாக அதைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றி, தாண்டிய பிறகு மாட்டிக்கொள்வான். இன்றைக்கு ஆட்டோவில் உட்கார்ந்தபடியே கால் விரல்களை மடக்கிக்கொண்டான்.

டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் நிழல் வந்துவிட்டது. இங்கே எல்லாமே வரிசைதான். பிளாக்குக்கு நம்பர், குவார்ட்டர்ஸுக்கு நம்பர், மரங்கள்கூட நம்பர் போட்டு நட்டதுபோல் ரோட்டின் இரண்டு பக்கமும். அரங்கத்தில் இருநூறு நாற்காலி இருக்கும், பாதி நிறைந்திருந்தது. மேடையில் மரப் பேச்சு மேசை ஒன்று, மைக், பின்னால் பேனர். நடுவர் வரிசையில் இரண்டு ஆசிரியைகள். அவர்களுக்கு நடுவில் வெள்ளை அரைக்கைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் செந்தில்நாதன், ஓய்வுபெற்ற பட்டாளத்துச் சுபேதார் என்று அறிவித்தார்கள். அவர் கைதட்டலுக்கு எழுந்து நின்ற விதத்தைப் பார்த்ததும் அய்யனார் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். அந்த ஜீப்புக்குப் பின்னால் நடந்த நாலு பேரும் இப்படித்தான் நின்றார்கள்.

முதலில் பேசிய பையன் அட்டைத் துப்பாக்கியோடு வந்தான். அவன் கத்திய கத்தில் மைக் கீச்சிட்டது. அடுத்து ஹரிணி என்ற பெண், பர்மா வரை நடந்துபோன கொள்ளுத்தாத்தாவின் பதக்கத்தை வெல்வெட் டப்பாவில் கொண்டுவந்து காட்டினாள். சுபேதார் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்விதான். குரலை உயர்த்தாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்பதுபோல. "இது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அட்டைத் துப்பாக்கிப் பையன், "நெட்ல பார்த்தேன் சார்" என்றான். சபை சிரித்தது. சுபேதார் சிரிக்கவில்லை. "வீட்ல கேட்டுப் பாருங்க தம்பி. கேட்டா சொல்லுவாங்க" என்று மட்டும் சொன்னார்.

மணிமொழி அய்யனாரின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அடியில் சிமெண்ட் பெஞ்சு.

"எனக்கு முன்னால ரெண்டு பேருதான் இருக்காங்க. அவுரு எப்பிடித் தெரியும்னு கேட்டா இன்னா சொல்றதுப்பா? நான் கொண்டாந்த போட்டோவுல குண்டு தெரியாது."

"தெருவே சொல்லுதுன்னு சொல்லு."

"தெரு சொல்லுதுன்னா ஒத்துக்குவாரா? நான் ஒண்ணு யோசிச்சி வெச்சிருக்கன். லெட்டரு அரிச்சிப் போச்சி, ஆனா எங்கப்பா அதப் படிச்சிருக்காரு, எங்க ஆயாவுக்கு அவுருதான் படிச்சிக் காட்டுனாரு, அதோ கடேசி வரிசையில உக்காந்துருக்காரு, அவுருதான் ஆதாரம்னு ஒன்னியக் கை காட்டிடுவன். நீ எழுந்து நின்னு ஆமான்னு தலையாட்டுனாப் போதும்."

முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னாள். அப்பனுக்கு ஒரு பெருமை சேர்த்துக் கொடுக்கிற மலர்ச்சி. பதினாறு வருஷம் மண்ணுக்குள் நின்றவனை ஆபீசர்கள் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்.

ஒரு தடவை சொன்ன பொய் அம்மாவோடு போய்விட்டது என்றுதான் அவன் நினைத்திருந்தான். போகவில்லை. நூறு பேருக்கு நடுவில் எழுந்து நின்று, பெற்ற பிள்ளை கை காட்ட, அதை மறுபடியும் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் போதும். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் கழுத்து வராது என்று அவனுக்குத் தெரிந்தது.

பையிலிருந்து உறையை எடுத்தான். பாஸுக்குப் பின்னாலிருந்து தாளை இழுத்தபோது மடிப்பு ஒன்று கிழிந்தது.

"கரையான் அரிக்கல" என்றான்.

மணிமொழி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளை விரித்தாள். அவனுக்கு ஒரு பொழுது பிடித்ததை அவள் இரண்டு நிமிடத்தில் படித்தாள். அவள் கண் வரிக்கு வரி இறங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த வரியில் இருக்கிறாள் என்று அவனுக்குத் தாளைப் பார்க்காமலே தெரிந்தது.

'அம்மாவுக்கு வெள்ளைச்சாமி வணக்கத்துடன் எழுதுவது. நான் கலைச்செல்வனுடன் ஒரே கேம்ப்பில் இருந்த டிரைவர். எனக்குச் சிவகங்கைப் பக்கம். அன்றைக்குச் சண்டை எதுவும் இல்லை. மண்ணெண்ணெய் பீப்பாய் ஏற்றின லாரியை மலை வளைவில் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. பனி. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. கலைச்செல்வன் தானாகவே இறங்கிப் போய்ப் பின்னால் நின்றுகொண்டான். வண்டியைக் கையால் தட்டித் தட்டி வரலாம், வரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தட்டுகிற சத்தம் நின்றது. காற்றில் கேட்கவில்லை என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் எடுத்துவிட்டேன். அவன் நின்ற இடத்தில் ரோடு சரிந்திருக்கிறது. அவன் விழுந்து கிடந்திருக்கிறான். எனக்குத் தெரியாது அம்மா.'

தாளைத் திருப்பினாள்.

'என் மேல் தப்பு இல்லை என்று ஆபீசர் எழுதிவிட்டார். அது எனக்குப் போதவில்லை. நீங்கள் ஒரு வரி எழுதிப் போடுங்கள். திட்டி எழுதினாலும் சரி. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.' கீழே விலாசம், கட்டம் போட்டு.

உள்ளே யாரோ பேசி முடித்தார்கள், கைதட்டல் கேட்டது.

"ஆயாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீதான படிச்சிக் காட்டுன?"

"போஸ்ட்மேன் படிச்ச மாரியே படிச்சன்."

அவள் தாளை மடிக்கவில்லை. காற்றில் அது படபடத்தது. "தெனமும் லாரிக்குப் பின்னாடிதானப்பா நீ நிக்கற" என்றாள். அப்புறம் வேறெதையோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டு, அடிக் குரலில் கேட்டாள்.

"இவுருக்குப் பதிலு போட்டியா?"

அய்யனார் மரத்தின் வேரைப் பார்த்தான்.

"எழுத்துதான் வந்துட்டுதே ஒனக்கு. ஒரு வரிதான கேட்டாரு?"

என்னத்தைச் சொல்வது? எழுத உட்கார்ந்தது உண்மை. 'வெள்ளைச்சாமி அண்ணனுக்கு' என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தான். அம்மா எழுத வேண்டிய வரியை அம்மாவுக்குத் தெரியாமல் எப்படி எழுதுவது? அம்மாவிடம் சொன்னால் கல்லை என்ன செய்வது, தெருவை என்ன செய்வது? ஒரு குண்டுகூட இல்லை, லாரிச் சக்கரம் என்று தெரிந்தால் அந்த வழி யாருடைய வழி? இன்றைக்கு யாரும் மறிக்க மாட்டார்கள், போலீஸ் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தெருவில் ஒவ்வொரு பாடைக்குப் பின்னால் நடக்கும்போதும் அவன் கால் வேகமாகத்தான் நடக்கும், யாரோ கூப்பிட்டு நிறுத்திவிடுவார்கள் என்பதைப்போல. "பயந்துட்டன்" என்றான்.

புவனா டீச்சர் வாசலுக்கு வந்து கை தட்டினார். "மணிமொழி, வா வா, அடுத்தது நீ. கடிதம் கிடைச்சிடுச்சா? சூப்பர்! நான் சொன்னேன்ல?"

மணிமொழி கடிதத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அய்யனார் உள்ளே வந்தான். உட்காரத் தோன்றவில்லை, கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம் நின்றுகொண்டான். வளவன் நடுவழியில் மண்டியிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். திரும்பி அவனைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான்.

மணிமொழி பேச்சு மேசைக்கு மேல் கழுத்து தெரிகிற அளவுக்குத்தான் இருந்தாள். மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்த தொடக்கம் தடையில்லாமல் வந்தது. அவையோருக்கு வணக்கம், பெரியப்பா பிறந்த தெரு, முந்திரிக்காட்டில் ஓடி ஓடி உடம்பு தேற்றிப் பட்டாளத்துக்குத் தேர்வானது, முதல் விடுப்பில் தம்பிக்கு வாங்கி வந்த கம்பளிக் குல்லா. குல்லாவைப் பற்றி அவளிடம் சொன்னது அய்யனார்தான். நெய்வேலி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு திரிந்து தலையெல்லாம் வேர்க்குரு வந்த கதை. சபை சிரித்தது. சுபேதார்கூடச் சிரித்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்றாம் ஆண்டு" என்றாள் மணிமொழி. "பனி மலையிலே, நெஞ்சிலே..."

நிறுத்தினாள்.

வளவனுக்கு அது தான் சொல்லிக்கொடுத்த நிறுத்தம் என்று தோன்றியிருக்க வேண்டும்; போனை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான். நிறுத்தம் நீண்டது. முன் வரிசையில் யாரோ இருமினார்கள். புவனா டீச்சர் பக்கவாட்டிலிருந்து உதட்டை அசைத்து அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். மூன்று குண்டுகள். மூன்று குண்டுகள். மணிமொழி அவர் பக்கம் திரும்பவில்லை. நாற்காலிகளைத் தாண்டிச் சுவரோரம் தேடினாள். அவனைக் கண்டுபிடித்தாள்.

அய்யனார் ஆமென்று தலையை ஆட்டவும் இல்லை, இல்லையென்று அசைக்கவும் இல்லை. மகளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவு தூரத்திலிருந்து அவள் என்ன பார்த்தாளோ, தாளை மேசை மேல் வைத்து உள்ளங்கையால் நீவினாள்.

"அன்னிக்கி சண்ட இல்ல" என்றாள். செந்தமிழ் போய்விட்டிருந்தது, வீட்டில் பேசுகிற குரல். "எங்க பெரியப்பா ஒரு லாரிக்குப் பின்னாடி நின்னாரு."

புவனா டீச்சர் கையை வாயில் வைத்துக்கொண்டார். வளவனின் கை மெல்லத் தாழ்ந்தது. போன் இப்போது தரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. சுபேதார் எழுதிக்கொண்டிருந்த பேனாவைத் தாளின் மேல் படுக்க வைத்துவிட்டு நாற்காலியில் முன்னுக்கு வந்தார்.

"வண்டி ஓட்டுனவரு பேரு வெள்ளைச்சாமி. அவுருக்குப் பின்னாடி எதுவுந் தெரியல. பனி. அதனால எங்க பெரியப்பா எறங்கிப் போயி, இப்பிடித் தட்டுனாரு."

வலது கையைத் தூக்கி அந்த மர மேசையைத் தட்டினாள். மைக் பக்கத்தில் இருந்ததால் அது அரங்கம் முழுக்கக் கேட்டது. வரலாம். இன்னொரு தட்டு. வரலாம். அவசரப்படாமல், ஒரே அளவில், ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் ஒரு வண்டி ஓரடி நகர்கிற இடம் விட்டுத் தட்டினாள். அது அவள் அப்பனுடைய தாளம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வாசலில் அவளுடைய மூன்று சக்கர சைக்கிளுக்கு ரிவர்ஸ் காட்டி அவன் தட்டிய தாளம். வரலாம். வரலாம்.

சுவரோரம் நின்ற அய்யனாரின் இடது கால் தானாக ஓரடி பின்னால் போனது. முதுகு சுவரில் இடித்தது.

மேடையில் கை அந்தரத்தில் நின்றது. சத்தம் நின்றுவிட்டது. யாரும் அசையவில்லை, மேலே மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் கை சட்டையின் மேல் பொத்தானை அறுத்துக்கொண்டு உள்ளே போய், ஈரம் காயாத கயிற்றைப் பற்றி இழுத்து, விசிலை உதடு வரை கொண்டுவந்துவிட்டிருந்தது.